சராசரியை நம்பிய பஃபர்: ஸீலிப்பும் சிவிஇ-2018-25032-ம்

சி மொழியில் நிரல் எழுதுபவருக்குச் சுருக்க லைப்ரரி என்றால் முதலில் கைக்கு வருவது ஸீலிப்தான். ழான்-லூ கெய்லியும் மார்க் ஆட்லரும் எழுதி 1995 மே மாதம் பொதுவில் விட்டது. பிஎன்ஜி படத்துக்குள் இருக்கிறது, பிடிஎஃப்புக்குள் இருக்கிறது, கிட் களஞ்சியத்தின் ஒவ்வொரு பொருளுக்குள்ளும் இருக்கிறது, சர்வர் அனுப்பும் பக்கங்களிலும் இருக்கிறது. இவ்வளவு பேர் இவ்வளவு காலம் பயன்படுத்திய ஒன்றில் இனி என்ன பிழை மிச்சமிருக்கப்போகிறது என்ற நினைப்பு யாருக்கும் வரும்.

அப்படியே கவலைப்பட்டாலும் விரிக்கிற பக்கத்தைப் பற்றித்தான் கவலைப்படுவோம். யாரோ அனுப்பிய கோப்பை நம் நிரல் விரிக்கிறது. அதில் வேண்டுமென்றே கோணலாக எதையாவது திணித்திருப்பார்கள் என்ற பயம் நியாயமானது. சுருக்குகிற பக்கம் அப்படியில்லை என்று தோன்றும். எந்தப் பைட்டைக் கொடுத்தாலும் சுருக்கிக்கு அது செல்லுபடியாகும் உள்ளீடு. நன்றாகச் சுருங்கும், அல்லது சுருங்காது, அவ்வளவுதானே?

2022 மார்ச் 24 அன்று பாதுகாப்பு ஆய்வாளர் டேவிஸ் ஓர்மண்டி பொதுவில் அறிவித்தது இந்த நினைப்புக்கு நேர் எதிரான செய்தி. ஏதோ ஒரு சுருக்கி நிரல் ஒரே உள்ளீட்டுக்குத் திரும்பத் திரும்ப கிராஷ் ஆவதைத் துரத்திக்கொண்டு போனவர், கடைசியில் ஸீலிப் 1.2.11-இல் வந்து நின்றார். தவறு அழைத்த நிரலில் இல்லை, லைப்ரரியிலேயே இருந்தது. விரிக்கும்போது இல்லை, சுருக்கும்போது. ஓர்மண்டி அதை ஸீலிப் தரப்பிடம் கொண்டுபோனபோது இன்னொன்றும் தெரிந்தது: இந்தப் பிழை 2018 ஏப்ரலிலேயே திருத்தப்பட்டுவிட்டது. திருத்தம் மேம்பாட்டுக் கிளையில் இருந்தது. வெளியீடாக வரவே இல்லை. பின்னாளில் இதற்குக் கிடைத்த சிவிஇ எண்தான், அதாவது பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியல் எண்தான், தலைப்பில் இருப்பது.

ஆக இந்த நிகழ்வில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ஒன்று நினைவகக் கணக்கில், மற்றது வெளியீட்டில். முதலாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அது உண்மையிலேயே அழகான கணக்கு. எங்கே தப்பியது என்று கண்ணுக்குத் தெரியும்படி தப்பிய கணக்கு.

64 கிலோபைட்டுக்குள் இரண்டு குடித்தனம்

ஸீலிப் பயன்படுத்தும் டிஃப்ளேட் என்ற சுருக்க முறை இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதல் கட்டத்தில் உள்ளீடு சிம்பல்களாக மாறும். ஒவ்வொரு சிம்பலும் ஒன்று தனி பைட்டாக, அதாவது லிட்டரலாக, இருக்கும். இல்லையென்றால் “இத்தனை பைட் பின்னால் போய், அங்கிருந்து இத்தனை பைட்டை எடுத்துக்கொள்” என்று சொல்லும் நீளம்-தூரம் ஜோடியாக இருக்கும். நீளம் 3 முதல் 258 வரை, தூரம் 32,768 வரை. இரண்டாம் கட்டத்தில் அந்தச் சிம்பல்கள் ஹஃப்மன் குறியீட்டில் பிட்களாக எழுதப்படும்.

ஒரு பிளாக்கின், அதாவது ஒரு தொகுதியின், சிம்பல்கள் எல்லாம் சேர்ந்த பிறகுதான் இரண்டாம் கட்டம் தொடங்க முடியும். எந்தச் சிம்பல் எத்தனை முறை வந்தது என்று தெரிந்தால்தானே எதற்குக் குட்டையான குறியீடு கொடுப்பது என்று முடிவுசெய்யலாம். அதுவரை சிம்பல்களை எங்கோ வைத்திருக்க வேண்டும், சுருக்கிய பிட்களை எழுத இன்னொரு இடமும் வேண்டும். 90-களின் நடுவில் நினைவகம் விலை அதிகம். ஸீலிப் இரண்டுக்கும் ஒரே இடத்தைப் பயன்படுத்தியது.

மெம்லெவல் என்ற அமைப்பு வழக்கமாக 8. அப்போது ஒரு பிளாக்கில் 16,384 சிம்பல்களுக்கு இடம் உண்டு. ஒரு சிம்பலுக்கு 4 பைட் வீதம் 65,536 பைட் ஒரே துண்டாக வாங்கப்படும். இந்தத் துண்டுதான் பஃபர். முதல் 16,384 பைட் காலி. அதற்கடுத்த 32,768 பைட்டில் தூரங்கள், ஒவ்வொன்றும் 2 பைட். கடைசி 16,384 பைட்டில் நீளங்கள் அல்லது லிட்டரல்கள், ஒவ்வொன்றும் 1 பைட். பிளாக் நிறைந்ததும் ஸீலிப் தூரங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போகும்; சுருக்கிய பிட்களை அதே துண்டின் தொடக்கத்திலிருந்து எழுதிக்கொண்டே வரும். நெற்களத்தில் முன்னால் ஒருவர் காய்ந்த நெல்லை அள்ளிக்கொண்டு போக, காலியான இடத்தில் பின்னால் ஒருவர் மூட்டை அடுக்கிக்கொண்டு வருவது போல. மூட்டை அடுக்குபவர் அள்ளுபவரை முந்தாத வரை பிரச்சினை இல்லை.

முந்தமாட்டார் என்பதற்கான காரணத்தை மூலநிரலில் ஒரு குறிப்பாகவே எழுதி வைத்திருந்தார்கள்: நீளம்-தூரம் ஜோடிக்கு வெளியீட்டின் சராசரி அளவு 24 பிட்டுக்கு மேல் போகாது, ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம் என்று. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 24 பிட் என்றால் 3 பைட். ஒரு சிம்பலைப் படித்தால் 2 பைட் காலியாகிறது, 3 பைட் எழுதப்படுகிறது. சிம்பலுக்கு 1 பைட் வீதம் எழுதுமுனை படிக்கும் இடத்தை நெருங்கும். தொடக்கத்தில் 16,384 பைட் இடைவெளி, பிளாக்கில் அதிகபட்சம் 16,383 சிம்பல்கள். மயிரிழையில் பொருந்துகிறது. இது தற்செயல் இல்லை, அப்படித்தான் அளந்து கட்டியிருக்கிறார்கள்.

சரி, 24 பிட்டைத் தாண்டாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஹஃப்மன் குறியீட்டின் இயல்புதான். தொலைதூரப் பொருத்தங்கள் நிறைய வந்தால், அவற்றுக்கான தூரக் குறியீடு அடிக்கடி வருகிறது என்று பொருள். அடிக்கடி வருவதற்கு, பிளாக்குக்குப் பிளாக் அட்டவணையைப் புதிதாகக் கட்டும் டைனமிக் ஹஃப்மன் குட்டையான குறியீட்டைக் கொடுத்துவிடும். சராசரி தானாகக் கீழே இறங்கும். முன்கூட்டியே வகுத்துவைத்த நிலையான குறியீட்டில் எழுதினால் இன்னும் சிறிதாக இருக்கும் என்றால் மட்டுமே ஸீலிப் அதைத் தேர்ந்தெடுக்கும். எப்படிப் பார்த்தாலும் இரண்டில் சிறியதுதான் வெளியே வரும்.

2004 இறுதியில் வந்த 1.2.2.2 இந்தச் சமநிலையைக் குலைத்தது. அதில் ‘ஃபிக்ஸ்ட்’ என்று ஒரு புதிய உத்தி சேர்ந்தது: எது சிறியது என்று பார்க்காதே, எப்போதும் நிலையான ஹஃப்மன் குறியீட்டையே பயன்படுத்து. காரணம் நல்ல காரணம்தான். டைனமிக் அட்டவணையைக் கட்டத் தெரியாத எளிய விரிப்பியே போதும் என்ற சில சிறப்புப் பயன்பாடுகளுக்கு அது தேவைப்பட்டது. இந்த வசதியைச் சேர்த்தபோது பஃபர் கட்டும் வரிகளில் யாரும் கைவைக்கவில்லை. கைவைக்க வேண்டிய தேவை இருப்பதாகவே அந்த வரிகளைப் பார்த்தால் தெரியாது. ஆனால் மேலே இருந்த குறிப்பு அன்றோடு பொய்யாகிவிட்டது.

31 பிட்டும் 25 பிட்டும்

நிலையான குறியீட்டில் மிக மோசமான ஜோடி எவ்வளவு எடுக்கும்? நீளம் 131 முதல் 257 வரை என்றால் 8 பிட் குறியீடும், அந்தக் குறியீட்டுக்குள் அடங்கும் நீளங்களில் எது என்று சொல்ல 5 கூடுதல் பிட்டும், ஆக 13. தூரம் 16,384-ஐத் தாண்டினால் 5 பிட் குறியீடும் 13 கூடுதல் பிட்டும், ஆக 18. மொத்தம் 31 பிட். கிட்டத்தட்ட 4 பைட் எழுதி, 2 பைட்டைத்தான் காலிசெய்கிறோம். ஒவ்வொரு சிம்பலுக்கும் 1.875 பைட் வீதம் இடைவெளி கரையும். 16,384-ஐ 1.875-ஆல் வகுத்தால் 8,738 சொச்சம். அதாவது பிளாக்கில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதுமே எழுதுமுனை இன்னும் படிக்காத தூரங்களின்மேல் ஏறிவிடும்.

மோசமான ஜோடிகூடத் தேவையில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. 4 முதல் 10 வரை உள்ள குட்டைப் பொருத்தத்துக்கு நீளக் குறியீடு வெறும் 7 பிட், கூடுதல் பிட் கிடையாது. அதோடு 16,384-ஐத் தாண்டிய தூரம் சேர்ந்தால் 7-ம் 18-ம் 25. எல்லையை ஒரே ஒரு பிட் தாண்டுகிறது. பிளாக் முழுக்க இப்படியே வந்தால் 14,563-ஆவது சிம்பல் வாக்கில் முந்திவிடும். தூரம் 16,384-க்குள் இருந்தால் 24 பிட், தப்பித்தோம். தரவில் ஒரு பொருத்தம் எங்கே கிடைக்கிறது என்ற ஒரே விஷயத்தில் நிரலின் உயிர் தொங்கியிருக்கிறது.

மெம்லெவலைக் குறைத்தால் நிலைமை இன்னும் மோசம். மெம்லெவல் 1 என்றால் பிளாக்கில் 128 சிம்பல்தான், முன்னிடைவெளியும் 128 பைட்தான். 31 பிட் ஜோடிகள் 70 இருந்தாலே போதும். நினைவகம் குறைந்த சாதனத்தில் சிக்கனமாக ஓட்ட நினைத்தவர்கள்தான் விளிம்புக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சராசரி என்பது பிளாக் முழுவதற்குமான கணக்கு. எழுதுமுனை நடுவழியில் ஒருமுறை முந்தினாலும் சேதம் சேதம்தான். பின்பாதியில் வெறும் லிட்டரல்கள் வந்து சராசரி இறங்கியதால் பயன் இல்லை. ஃபிக்ஸ்ட் உத்தி வருவதற்கு முன்பும் அந்தக் குறிப்பு முழு நிரூபணம் ஆகாது என்பதே என் கருத்து. இந்தப் பிழைக்குப் பின்னாளில் கிடைத்த சிவிஇ விளக்கத்தில் ஃபிக்ஸ்ட் என்ற பேச்சே இல்லை. உள்ளீட்டில் தொலைதூரப் பொருத்தங்கள் நிறைய இருந்தால் சுருக்கும்போது நினைவகம் கெடலாம் என்று பொதுவாகத்தான் சொல்கிறது.

கெட்ட பிறகு நடப்பது

எழுதுமுனை மேலேறியதும் தூரம் இருந்த 2 பைட்டில் சுருக்கிய பிட்கள் குப்பையாக உட்கார்ந்திருக்கும். ஸீலிப் அதை எடுத்து, இது எந்தத் தூரக் குறியீடு என்று 512 இடம் உள்ள ஒரு அட்டவணையில் தேடும். தூரம் 256-க்குக் குறைவாக இருந்தால் நேரடி இடம். அதற்கு மேல் என்றால் தூரத்தை 128-ஆல் வகுத்து 256-ஐக் கூட்டிய இடம். நியாயமான தூரங்களுக்கு இது 511-ஐத் தாண்டாது. குப்பை 65,535 வரை போகலாம், அப்போது இடம் 767. அட்டவணைக்கு வெளியே என்ன கிடக்கிறதோ அதுவே குறியீடு. அந்தக் குறியீட்டை வைத்து அடுத்த அட்டவணையில் தேடினால் இன்னும் தூரம் போகும். கிராஷ் ஆனால் அதிர்ஷ்டம் என்றே சொல்லலாம்.

ஏனென்றால் குப்பை 32,768-க்குள் விழுந்தால் கிராஷ் ஆகாது. தவறான தூரம் எழுதப்படும், செயற்கூறு எல்லாம் நலம் என்று திரும்பும். சுருக்கிய கோப்பு வட்டில் போய் உட்காரும். ஸீலிப் அல்லது ஜிஸிப் உறையில் போட்டிருந்தால் மூலத் தரவின் சரிபார்ப்பு எண் கூடவே இருக்கும்; விரிக்கும்போது ஒத்துப்போகாமல் பிழை வரும். அந்த எண் உள்ளீட்டிலிருந்து கணக்கிடப்படுவதால் சுருக்கும் நேரத்தில் எதையும் காட்டிக்கொடுக்காது. உறையில்லாத வெறும் டிஃப்ளேட் ஓடையாக இருந்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. பேக்கப் எடுத்துவிட்டு மூலத்தை அழித்தவர் நிலைமையை நினைத்துப் பார்க்கலாம்.

திருத்தம்: ஒரு பைட்கூட அதிகமில்லை

2018-இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னது எய்டெட்டிகாம் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர். திருத்தத்தோடு ஆட்லர் எழுதிய கமிட் குறிப்பில், 13 ஆண்டுகள் பதுங்கியிருந்திருக்கிறது என்று ஆச்சரியக்குறியோடு சொல்கிறார்.

திருத்தம் எளிமையானது. தூரங்களைத் தனியாகவும் நீளங்களைத் தனியாகவும் வைக்காமல், தூரம் 2 பைட், நீளம் 1 பைட் என்று மூன்று பைட்டாக அடுத்தடுத்து ஒரே வரிசையில் வைத்தார். முன்பு நீளங்கள் துண்டின் கடைசியில் இருந்ததால், படித்து முடித்தாலும் அந்த 1 பைட் எழுதுமுனைக்கு உதவவில்லை. இப்போது ஒரு சிம்பலைப் படித்தால் 3 பைட் காலியாகிறது. எழுதப்படுவது அதிகபட்சம் 31 பிட், 4 பைட்டுக்குக் குறைவு. சிம்பலுக்கு 1 பைட்டுக்கும் குறைவாகவே இடைவெளி கரைவதால் 16,384 பைட் முன்னிடைவெளி கடைசி வரை தாங்கும். மொத்த அளவு அதே 65,536. சராசரியை நம்ப வேண்டிய தேவையே போய்விட்டது. மிக மோசமான சிம்பலை வைத்தே நிரூபித்துவிடலாம்.

இவ்வளவு நேர்த்தியான திருத்தம் நான்கு ஆண்டு அலமாரியில் கிடந்தது என்பதுதான் வருத்தம். 1.2.11 வந்தது 2017 ஜனவரியில். அடுத்த வெளியீடான 1.2.12, ஓர்மண்டியின் அறிவிப்புக்கு மூன்று நாள் கழித்து, 2022 மார்ச் 27 அன்று வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஸீலிப்பை நிறுவிய எல்லோருக்கும் கிடைத்தது பிழையுள்ள பதிப்பு. 2018-இல் இதை ஒரு பாதுகாப்புப் பிரச்சினையாக யாரும் பதிவுசெய்யவில்லை. அதனால் லினக்ஸைத் தொகுத்து வழங்கும் டிஸ்ட்ரோக்காரர்களுக்கும் தனியாக எடுத்துச் சேர்க்கக் காரணம் தெரியவில்லை. 2018 என்ற எண்ணோடு தொடங்கும் சிவிஇ 2022-இல்தான் ஒதுக்கப்பட்டது.

மார்க் ஆட்லரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகமே சாய்ந்து நிற்கும் ஒரு லைப்ரரியை விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறார்கள் என்றால் வெளியீடு தள்ளித்தான் போகும். ஆனால் தள்ளிப்போனதற்கு ஒரு விலை இருந்தது. ஐந்து ஆண்டு மாற்றங்கள் 1.2.12-இல் ஒன்றாகக் கொட்டியதால், கட்டமைப்பு ஸ்கிரிப்ட்டில் கொடுத்த கம்பைலர் பெயரையே விட்டுவிடுவது, சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் செயற்கூறுகளில் ஒரு கோளாறு என்று புதிய தலைவலிகள் வந்தன. அவற்றையும், ஜிஸிப் தலைப்பைப் படிக்கும்போது வரும் இன்னொரு நினைவகப் பிழையையும் சேர்த்து 2022 அக்டோபரில் 1.2.13 சரிசெய்தது. ஃபிக்ஸ்ட் உத்தியில் பிளாக் வகையைத் தேர்வதில் இருந்த ஒரு தவறும் அதில்தான் போனது. அந்த உத்தியை எவ்வளவு குறைவானவர்கள் பயன்படுத்தியிருப்பார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ரஸ்ட்டில் எழுதியிருந்தால்?

இப்படி ஒரு கதையைச் சொன்னால் அடுத்து வரும் கேள்வி இதுதான்: நினைவகப் பாதுகாப்புக்குப் பெயர்போன ரஸ்ட் மொழியில் எழுதியிருந்தால் இது நடந்திருக்காதே? பாதி சரி.

பாதுகாப்பான ரஸ்ட்டில் ஒரே துண்டை ஒருவர் எழுதவும் இன்னொருவர் படிக்கவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடன்கொடுக்க முடியாது, கம்பைலர் விடாது. ஆனால் நினைவகத்தை மிச்சம்பிடிக்க நினைப்பவர் அதே துண்டை ஒரே வெக்டராக வைத்து, இரண்டு எண்களை மட்டும் நகர்த்தி இதே வேலையைச் செய்யலாம். கம்பைலர் ஒன்றும் சொல்லாது. எழுதுமுனை அப்போதும் முந்தும். 512 இடம் உள்ள அட்டவணையில் 767-ஐக் கேட்டால் நிரல் பேனிக் ஆகி நின்றுவிடும், பக்கத்து நினைவகத்தைத் தொடாது. அது பெரிய லாபம். குப்பைத் தூரம் வரம்புக்குள் விழுந்தால் ரஸ்ட்டும் அதைச் சமர்த்தாகத் தவறாக எழுதிவைக்கும்.

அப்புறம், ரஸ்ட் நிரல் என்பதாலேயே உள்ளே ரஸ்ட்தான் ஓடுகிறது என்று சொல்ல முடியாது. சுருக்கத்துக்கான ஃப்ளேட்2 கிரேட்டை (ரஸ்ட் பொதியை) அப்படியே சேர்த்தால் மினிஸ்-ஆக்சைடு என்ற முழு ரஸ்ட் எஞ்சின் வரும். வேகத்துக்காக ஸீலிப் ஃபீச்சரை இயக்கினால் லிப்ஸெட்-சிஸ் வழியாகச் சி நிரல் வந்துவிடும். கணினியில் ஏற்கெனவே உள்ள ஸீலிப் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் தன்னோடு கொண்டுவந்த மூலத்தைக் கட்டிக்கொள்ளும். சேர்த்த பொதிகளைப் பட்டியலிடும் கார்கோ.லாக் கோப்பில் கிரேட்டின் எண்தான் தெரியும். உள்ளே இருக்கும் சி மூலத்தின் எண் தெரியாது.

உங்கள் நிரலில் எது ஓடுகிறது

2022 மார்ச்சுக்குப் பிறகு பலருக்கு வேலை வைத்தது இந்தக் கேள்விதான். ஸீலிப் சிறியது, உரிமம் தாராளமானது. அதனால் அதன் மூலத்தை அப்படியே தங்கள் மூலநிரலுக்குள் நகலெடுத்து வைத்திருந்த திட்டங்கள் ஏராளம். கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் அவற்றில் ஒன்று. கணினியின் பகிர்வு லைப்ரரியை மாற்றினாலும் அந்த நகல்கள் மாறாது. ஆப்பிள் தன் திருத்தத்தை மேக்ஓஎஸ் 12.4-இல், 2022 மே மாதம் வெளியிட்டது. (குனுவின் ஜிஸிப் கட்டளைக்கு இதில் சம்பந்தமில்லை. பெயரும் கோப்பு வடிவமும் ஒத்துப்போனாலும் அதற்குச் சொந்த டிஃப்ளேட் நிரல் இருக்கிறது.)

ஸீலிப்பில் பதிப்பு எண் இரண்டு இடத்தில் கிடைக்கும். தலைப்புக் கோப்பில் உள்ள மாறிலி கட்டியபோது இருந்த பதிப்பைச் சொல்லும். பதிப்பைத் திருப்பும் செயற்கூறு இப்போது இணைந்து ஓடும் பதிப்பைச் சொல்லும். நிரல் தொடங்கும்போது இரண்டையும் லாகில் எழுதிவைப்பது ஒரே வரி வேலை. முக்கியமான தரவு என்றால் சுருக்கிய கையோடு விரித்துப் பார்த்து ஒப்பிட்டுவிடுவது நல்லது. விரிப்பது சுருக்குவதைவிட வெகு வேகம் என்பதால் நேரம் பெரிதாகக் கூடாது. இந்தப் பிழையின் சத்தமில்லாத வடிவத்தை அந்த ஒரு சோதனை பிடித்திருக்கும்.

எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. டெபியன் 11 போன்ற நிலையான டிஸ்ட்ரோக்கள் 1.2.12-க்குத் தாவவில்லை; 2018-இன் திருத்தத்தை மட்டும் பழைய 1.2.11-இல் ஒட்டவைத்தன. அங்கே பதிப்பைக் கேட்டால் திருத்தம் உள்ள லைப்ரரியும் 1.2.11 என்றுதான் சொல்லும். பொதியின் பெயரில் ‘டெப்11யு1’ அல்லது அதற்குப் பிந்தைய ஒட்டு இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். நிரலுக்குள் நகலெடுத்து வைத்த 1.2.11 அல்லது அதற்கு முந்தைய மூலமாக இருந்தால், கோப்பைத் திறந்து தூரத்துக்கும் நீளத்துக்கும் தனித்தனிப் பஃபர் இருக்கிறதா, ஒரே வரிசையாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.